கலைக்கூடத்து வாசலில் நெல்

எங்கள் ஊர் ரயில் நிலையத்து கூட்ஸ் ஷெட்டைக் கலைக்கூடமாக மாற்றியபோது மின்வேலைக்கு நான்தான் பொறியாளர். கூடம் அமைக்க வந்தவர்கள் செய்தவற்றை வரிசையாகவே சொல்லிவிடலாம். பழைய செங்கல்லைச் சுரண்டி வார்னிஷ் அடித்தார்கள். சாக்குகளில் தெர்மோகோல் அடைத்து நெல் மூட்டை என்று அடுக்கினார்கள். கடைசியாக, மேடையைத் தாண்டி வெளியே நீண்டிருந்த கூரையை வெட்டினார்கள். வேகனில் ஏற்றும்போது மூட்டை நனையக் கூடாதென்று விட்ட கூரை அது. பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுவருபவர்கள், மழை வந்தால் மூட்டைகளை அதன் கீழேதான் தள்ளுவார்கள்.

"போட்டோல முகப்பு மறையுது, மேடம்," என்றார் அமைப்பாளர்.

"மழைக்கு விட்டது, சார்."

"ப்ரோக்ராம் உள்ள நடக்குது. யாரு நனையப் போறா?"

தை மாதம், உழவரைப் போற்றும் விழாவோடு திறந்தார்கள். பேச்சின் நடுவில் மழை பிடித்தது. கொள்முதல் வரிசையில் அப்பாவின் சம்பா மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. ஒரே தார்ப்பாய், அதுவும் கிழிசல். உள்ளே ஓரமாக இடம் கேட்டேன். தரை கீறிவிடும் என்றார்கள். சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியில் நெல்லைத் தாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நல்ல வெயில். ஈரம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். அன்றே காயாவிட்டால் மூட்டைக்குள் முளைத்துவிடும். அப்பா யாரையும் கேட்கவில்லை. கலைக்கூடத்தின் கல் பாவிய வாசலில் கொட்டிப் பரப்பி, காலாலேயே கோடு கோடாகக் கிளறிவிட்டார்.

"பெரியவரே, அள்ளுங்க. எனக்குத்தான் திட்டு விழும்," என்றார் காவலாளி.

"காஞ்சதும் அள்ளிக்கிறேன், தம்பி."

அதற்குள் காரிலிருந்து இறங்கிய ஒரு சென்னைக் குடும்பம் நெல்லைச் சுற்றி நின்று படமெடுக்கத் தொடங்கியது.

"இதை எந்த ஆர்ட்டிஸ்ட் பண்ணினாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நாந்தாங்க," என்றார் அப்பா.

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"சாயந்திரம் வரைக்கும்."

அள்ளச் சொல்லத்தான் அமைப்பாளர் ஓடிவந்தார். கேமராக்களைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. யாரும் மிதிக்காதபடி சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். காவலாளி குச்சியோடு நின்று ஆடுகளை விரட்டினார். எந்தச் சாலையிலும் எங்கள் நெல் இவ்வளவு மரியாதையாகக் காய்ந்ததில்லை.

மாலையில் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்து நெல்லை எடுத்துக்கொண்டார்கள். அப்பா வெறும் சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது அமைப்பாளர் என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை நிறைய பேர் வர்றாங்க, மேடம். அப்பா இன்னொரு தரம் பண்ணுவாரா?"

"நெல்லை வித்தாச்சு, சார்," என்றேன்.