உருளைக்குப் பின்னால் மஞ்சள் தூள்

சிவானந்தன் புலம்பெயர்ந்து, புருசெத் என்ற புறநகரில் குடியிருந்தார். இருபத்தேழு வருடம் லிஃப்ட் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹவுகெட்டோ பக்கத்துச் சுடுகழகத்தில் ரிவோல்வர் சுடுவார். இலக்கு அட்டைக்குப் பெரிதாக ஆபத்து எதுவும் வந்ததில்லை.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்குது,” என்பாள் மனைவி சிறிதேவி.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஐப்பசியில் நடக்கும் கழகப் போட்டியில் ஒரு தடவையாவது அறுபது குண்டையும் சுட்டு முடிக்க வேண்டும். முதல் வருடம் பாதியில் ரிவோல்வரின் குண்டு போடும் உருளை இறுகி நின்றது. கோடை முழுக்க ஒழுங்காகச் சுழன்ற சாமான். தொழிற்சாலைக்குக் காரசாரமாக எழுதினார். புதிது ஒன்று அனுப்பினார்கள். அடுத்த ஐப்பசியில் அதுவும் நின்றது.

“கள்ளக் கொம்பனி,” என்று அதையும் திருப்பி அனுப்பினார். இம்முறை அதே ரிவோல்வர் ஒரு கடிதத்தோடு வந்தது. கடிதத்தை மகள் அபிஷா வாசித்தாள். அவள் இயந்திரப் பொறியியல் படித்தவள்.

“பிழை ஒண்டும் இல்லையாம். உருளைக்குப் பின்னாலை காய்ஞ்ச மஞ்சள் தூளாம். என்னெண்டு கேக்கினம்.”

“சாட்டுச் சொல்லுறாங்கள், பிள்ளை.”

“அப்பா, போட்டிக்கு முதல் வந்த ஆயுத பூசைக்கு இதுக்கும் சந்தனம் வைச்சனீங்களோ?”

“ஓம். ஸ்பானருக்கு வைச்சிட்டு இதுக்கு வைக்காமல் விடுறதே?”

“எங்கை வைச்சனீங்கள்?”

“திறந்து உள்ளுக்கை. வெளியிலை வைச்சால் கழகத்திலை ஆன்ட்ரியாஸ் நூறு கேள்வி கேப்பான்.”

“அங்கை அரை மில்லிமீற்றர் இடைவெளியும் இல்லை, அப்பா.”

“அப்ப கொஞ்சம் கூட விட்டுச் செய்திருக்கலாம்தானே? பூசை செய்யிற சனமும் வாங்கும் எண்டு யோசிக்க வேண்டாமோ?”

தொழிற்சாலைக்கு அவர் மன்னிப்பு எழுதவில்லை. சின்ன டப்பா சந்தனம் அனுப்பினார்.

அடுத்த பூசையில் பொட்டு ரிவோல்வர்ப் பெட்டியின் மூடியில் விழுந்தது. போட்டியில் அறுபது குண்டும் போயின. பதினெட்டுப் பேரில் பதினேழாவதாக வந்தார். பதினெட்டாவது ஆளின் ரிவோல்வர் நடுவில் நின்றுவிட்டது. சிவானந்தன் அவனைத் தோளில் தட்டி, தன் ரிவோல்வரைச் செய்த கொம்பனியில் வாங்கச் சொன்னார். நம்பிக்கையான ஆட்கள், எழுதினால் பதில் போடுவார்கள் என்றார்.

போன தை மாதம் அவர் காலமானார். அனுமதிப் பத்திரம் எடுத்து ரிவோல்வரை ஆன்ட்ரியாஸ் வாங்கிக்கொண்டான். பெட்டி மூடியில் ஏதோ மஞ்சள் கறை இருக்கிறதே, துடைக்கட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றாள் அபிஷா. அது அங்கே இருக்கும்வரை துவக்கு சுடும்.