பூட்டுக்கு வெளியே இருந்த பெயர்கள்

கணினிப் பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் வாய்க்காரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஐசி என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், விவாகரத்துத் தீர்ப்பு என்று ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் என் கணினியில் கிடக்கிறது. அதனால் யாராவது "பாஸ்வேர்டா? பிள்ளையோட பிறந்த நாள்தான்" என்று சொன்னால் போதும், பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்திவிடுவேன்.

கீழே போட்டோகாப்பி கடை வைத்திருப்பவருக்கும் எனக்கும் இதில் ஓயாத சண்டை. கோப்புகளைக் கட்டிப் பூட்ட நான் பயன்படுத்துவது இலவச மென்பொருள். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அவருக்கு அதுதான் பொறுக்காது.

"எல்லாரும் உள்ள பாக்கலாம்னா கள்ளனும்தான பாப்பான்லா? ஓசியில குடுக்கிறவன் என்னத்துக்குக் குடுக்கிறான்?"

"பூட்ட எப்படிச் செஞ்சாங்கன்னுதான் பாக்கலாம் அண்ணே, சாவிய இல்ல. உள்ள என்னன்னு காட்டாம மூடி வச்சு விக்கிறான் பாருங்க, அவனத்தான் நான் நம்ப மாட்டேன்."

இன்றும் என் கருத்து அதுதான். நடந்ததற்குக் குற்றவாளி மென்பொருள் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்கடைக்காரர் என்னை வாழ விடமாட்டார்.

பந்திங்கிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கிள்ளானில் துணிக்கடை வேலை. பதினாறு வயது மகளுக்கு இன்னும் ஐசி இல்லை, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாள்களை மேசையில் பரப்பியதும் விஷயம் புரிந்தது. அவர் பெற்ற பிள்ளை இல்லை. பெற்றவள் மருத்துவமனையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் பெயர் எழுதிய பழைய பிரசவச் சீட்டும் அந்தத் தாள்களுக்குள் இருந்தது.

"அக்கா, அவளுக்குத் தெரியாது. நீ வீட்டுல பொறந்தவ, பதிய லேட்டாயிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா என்னை விட்டுப் போயிருவா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "என்கிட்ட வந்தது வெளிய போகாதும்மா" என்று மட்டும் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. வக்கீலிடம் கொடுக்க அம்மாளுக்கு ஒரு பிரதி தேவைப்பட்டது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரே பொட்டலமாகக் கட்டி, இருபது எழுத்தில் கடவுச்சொல் போட்டு வாட்சப்பில் அனுப்பினேன். கடவுச்சொல்லை எழுதி அனுப்பும் வழக்கமே என்னிடம் கிடையாது. திங்கட்கிழமை போனில் வாயால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை இன்னொருவருக்கு அதே மாதிரி ஒரு பொட்டலம் கட்டினேன். கை தவறி அதன்மேல் இரண்டு முறை அழுத்திவிட்டேன். கடவுச்சொல் கேட்கும் என்று பார்த்தால், கேட்கவில்லை. உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அவற்றில் ஒன்றை அழுத்திய பிறகுதான் கடவுச்சொல் கேட்டது.

தாள்கள் பூட்டப்பட்டிருந்தன, பெயர்கள் பூட்டப்படவில்லை. இத்தனை வருடமாகக் கட்டி அனுப்பியிருக்கிறேனே தவிர, வாங்குகிறவர் திரையில் அது எப்படித் தோன்றும் என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பெயர்களையும் மறைக்க அந்த மென்பொருளிலேயே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. நான்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதில் என் பழக்கம் வேறு. அரசாங்க அலுவலகக் கவுண்டரில் குழப்பம் வரக் கூடாதென்று ஒவ்வொரு கோப்புக்கும் மலாயில் விளக்கமாகப் பெயர் வைப்பேன். ஒன்றில் அந்தப் பெண்ணின் பெயரோடு 'அனாக் அங்காட்', அதாவது வளர்ப்புப் பிள்ளை. இன்னொன்றில் 'ஈபு கண்டோங்', பெற்ற தாய், கூடவே அவளுடைய முழுப்பெயர். அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் மலாயில் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

வாட்சப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. அனுப்பியதை அழித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மூன்று முறை போன் செய்தேன், அம்மாள் எடுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

அந்த ரயிலில் நான் நினைக்காத கெடுதல் இல்லை. பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ஐசி இல்லாத பிள்ளையை எந்தப் போலீஸ் நிலையத்தில் போய்த் தேடுவது? அம்மாள் அழுது மயங்கிக் கிடக்கிறார், அதனால்தான் போனை எடுக்கவில்லை. ஏர்கான் குளிரில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்தது. ஊருக்கு உபதேசம் செய்த வாய் உலர்ந்துபோயிருந்தது.

கிள்ளான் கடையில் அம்மாள் சேலை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கக்கா! போன் பையில கெடந்துச்சு, கவனிக்கல. நீங்க அனுப்புனது என்னாச்சு? நேத்து மவதான் தொறந்து பாத்தா, பூட்டியிருக்கும்மான்னா. காலையில பாத்தா அதையே காணோம்."

மகள் பக்கத்திலேயே நின்றாள். சனிக்கிழமை டியூஷன் முடிந்து அம்மாவோடு வீடு திரும்ப அங்கே வருவாளாம். நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். அதற்குள் அவள், "ஆன்டி, வேர்த்துப்போயிருக்கீங்க. வாங்க, தண்ணி வாங்கித் தரேன்" என்று என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனாள்.

கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்று பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"பேரு மட்டும்தான் தெரிஞ்சுச்சு ஆன்டி."

தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க. நான் விட்டுட்டுப் போயிருவேன்னு பயப்படுவாங்க. இன்னொரு தடவ அனுப்புங்க, பேரையும் மறைச்சு."

"போயிருவியா?" கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பயத்தில் கேட்டுவிட்டேன்.

"எங்க போறது ஆன்டி? எனக்கு ஐசிகூட இல்ல" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய் அம்மாவோடு சேலை மடித்தாள்.

அன்றே திரும்பி வந்து அந்தக் கட்டத்தை டிக் செய்தேன். கோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் பெயர் வைத்தேன். என் சொந்தப் போனில் மூன்று முறை திறந்து பார்த்த பிறகே அனுப்பினேன்.

திங்கட்கிழமை அம்மாள் கூப்பிட்டார்.

"இப்ப நல்லாப் பூட்டிட்டீங்கக்கா. அன்னைக்கி நீங்க ஓடி வந்ததும் எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னு இருந்துச்சு. அதான் மவகிட்டயே குடுத்துத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன். ஒண்ணுமே தெரியலம்மான்னுட்டா. இப்பத்தான் உசிரு வந்துச்சு. பாஸ்வேர்ட் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இருபது எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், இரண்டு இடத்தில் தவறிப்போய்த் திரும்பச் சொன்னேன். பின்னால் அந்தப் பெண், "அம்மா, சாப்புட என்ன இருக்கு?" என்று கேட்பது காதில் விழுந்தது.