நிரம்பாத தொட்டி

எங்கள் தெருவுக்குக் கழிவுநீர் லாரி வந்தால் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். டெய்லரக்கா மட்டும் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டபடி வாசலுக்கு வருவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், “மறுபடியுமா? போன வருஷம்தானே அள்ளினீங்க?” என்று அக்கறையாக விசாரிப்பாள். அக்கறையெல்லாம் சும்மா. அடுத்து சொல்லப்போகிற வார்த்தைக்காகத்தான் அந்த விசாரிப்பு. “எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டினதுல இருந்து ஒரு தடவைகூட நிரம்பினதில்ல. எங்க அண்ணன் கை அப்படி.”

நான் அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஊற்ற ஊற்ற ஒரு டேங்க் நிரம்பவில்லை என்றால் குனிந்து அடியில் பார் என்று எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வீட்டுத் தொட்டி விஷயத்தில் தெருவில் ஒருவருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நிரம்பாத தொட்டிதான் நல்ல தொட்டி என்று எல்லோரும் நம்பினோம். அக்காவைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டோம். கழிவுத் தொட்டிக்குப் பொறாமைப்பட்ட தெரு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு அண்ணன் என்றால் அப்படி. சிறு வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சுமக்கப் போனார். சுமந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, தங்கைக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தார். அந்தக் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. அடிக்கிற புருஷன் வேண்டாம் என்று ஒரு பையோடு வெளியே வந்தவளை ‘அனுசரிச்சுப் போ’ என்று சொல்லாத ஒரே ஆள் அண்ணன்தான். “வா” என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த துண்டு நிலத்தில் அவளுக்கென்று தன் கையாலேயே இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடாமல் வேறு என்ன செய்வாள்? அண்ணன் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அவளுக்கு வேதம் கிடையாது.

பின்பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. அதை வாங்கியது ஒரு நர்ஸ். புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு முறை வருவான். கையில் ஒரு சின்னப் பெண். யாரை வைத்து வீடு கட்டுவது என்று தெரியாமல் நின்றவளிடம் அக்கா, “எங்க அண்ணனைக் கூப்பிடு, கண்ணை மூடிக்கிட்டு இரு” என்றாள். அவளும் அப்படியே இருந்தாள். அந்தப் பக்கத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை என்பதால் கிணறு தோண்ட வேண்டியிருந்தது. இடம் காட்டியதும் அண்ணன்தான். சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அதற்கும் ஊர் முழுக்கப் பெருமை அடித்தாள்.

நர்ஸின் பெண் அக்காவின் மிஷின் அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணியில் பொம்மை கட்டுவாள். நோஞ்சான். எப்போது பார்த்தாலும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். அக்கா அவளுக்கு வருஷா வருஷம் சீருடை தைப்பாள், வளர்ந்தால் பிரித்துவிட உள்ளே துணி மடித்துத்தான் தைப்பாள். பிரிக்கத் தேவையே வரவில்லை.

இப்படி இருக்கும்போது முன்னறையில் தையல் வகுப்பு தொடங்கலாம் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. பத்துப் பெண்கள் வந்து போகும் இடம் என்றால் கழிப்பறையையும் தொட்டியையும் பார்த்த பிறகுதான் அனுமதி என்றார்கள் நகராட்சியில். ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர்.

“கடைசியா எப்ப அள்ளினீங்க?”

அக்கா இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல நிமிர்ந்தாள். “அள்ளினதே இல்ல சார். நிரம்பினாத்தானே?”

அவர் வியக்கவில்லை. “நிரம்பலைன்னா உள்ள போறது எங்கம்மா போகுது?” என்று கேட்டார்.

அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பச்சைப் பொடியைக் கழிப்பறைக்குள் கொட்டி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். “இது நல்ல தொட்டியா இருந்தா உள்ளேயே கிடக்கும். வெளிய எங்கயாவது இந்தப் பச்சை தெரிஞ்சா தொட்டி ஒழுகுதுன்னு அர்த்தம். நாளன்னிக்குக் காலையில வந்து திறந்து பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா, “வீணா பொடியைக் கொட்டிட்டுப் போறாரு” என்று சிரித்தாள்.

அடுத்த நாள் மாலை நான் வேலை முடிந்து படியேறும்போது நர்ஸ் கையில் வாளியோடு வாசலில் நின்றாள். வாளித் தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது.

“அக்கா, துணிக்குப் போடற சாயம் எதையாவது பின்னாடி கொட்டினீங்களா? கிணத்துத் தண்ணி இப்படி இருக்கு” என்றாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

அக்கா வாளியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவளே ஒரு பொய்யைத் தைத்து, மடித்து, கையில் கொடுத்துவிட்டாளே.

“ஆமாம்மா” என்றாள் அக்கா. “சாயம்தான். தெரியாம கொட்டிட்டேன்.”

“அவ்வளவுதானே? நான் என்னமோன்னு பயந்துட்டேன்” என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்து, “தம்பி, வண்டியை எடு. அண்ணன் வீட்டுக்குப் போகணும்” என்றாள்.

மேஸ்திரியண்ணன் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. ஆய்வாளர் போட்ட பச்சைப் பொடி, நாளைக் காலை அவர் வரப்போவது, நர்ஸ் கொண்டுவந்த வாளி எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

“அண்ணே, தொட்டிக்கு அடியில தளம் போட்டியா இல்லையா?”

அவர் டீயைக் குடித்து முடித்தார். “யாரு கேக்கறா?”

“நான் கேக்கறேன்.”

“போடல” என்றார், சட்டைக்குப் பித்தான் வைக்கவில்லை என்பது போல. “தளம் போட்டா நிரம்பும். நிரம்பினா லாரியைக் கூப்பிடணும். தனியா இருக்கற பொம்பளை எவன் பின்னாடி அலைவ? உனக்காகத்தான் அப்படி விட்டேன். முன்பக்கம் பூரா பாறை. தண்ணி இறங்க உறிஞ்சுகுழி தோண்டணும்னா பாறையை உடைக்கணும். பின்பக்கம் மண்ணு இளகல், கழிவுக் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். அப்ப அங்க யாரு இருந்தா?”

“அப்புறம் ஆள் வந்தாங்களே. நீதானே வீடு கட்டின. கிணத்துக்கு இடமும் நீதானே காட்டின?”

“அந்த மூலைதான் எப்பவும் ஈரமா இருந்துச்சு. சீக்கிரம் தண்ணி வந்துச்சுல்ல?”

கோடையிலும் அந்த மூலை ஏன் ஈரமாக இருந்தது என்று மேஸ்திரிக்குத் தெரியாதா? குழாயைத் திருப்பிவிட்டவரே அவர்தானே! அக்கா அதையே கேட்டாள். “தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு.”

அவர் டம்ளரை உள்ளே கொடுத்துவிட்டு வந்தார். “இப்ப அவகிட்ட என்ன சொன்ன?” என்று கேட்டார்.

“சாயம்னு சொன்னேன்.”

அண்ணன் முகம் மலர்ந்தது. அவள் தோளைத் தட்டினார். “பார்த்தியா! என் தங்கச்சிடா. அப்படியே விடு. நாளைக்கு நானும் வரேன். அந்த ஆய்வாளரை நான் பார்த்துக்கறேன்.”

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அக்கா, “என் தங்கச்சிங்கறான் தம்பி” என்றாள். நேரில் ‘நீ’ என்று பேசினாலும், அண்ணனைப் பற்றிப் பிறரிடம் அவள் ஒருமையில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். அந்த வேலியை நம்பி இத்தனை வருஷம் தூங்கியவளுக்குத்தான் அதன் வலி தெரியும்.

மறுநாள் காலையில் ஆய்வாளர் லாரியோடு வந்தார். அண்ணன் அவருக்கு முன்பே வந்து, புதுச் சட்டை போட்டு நின்றார். மூடியைத் திறந்தார்கள். அத்தனை வாளி ஊற்றிய பச்சைத் தண்ணீரில் ஒரு வாளிகூட உள்ளே இல்லை. அடியில் கிடந்த கொஞ்சத்தை லாரி உறிஞ்சியதும், கீழே தெரிந்தது வெறும் மண்.

“ஃபெயில்” என்றார் ஆய்வாளர். அக்கா தலையாட்டினாள்.

“இனிமே என்ன செய்யணும்னு கேட்டுக்கங்க. இந்தக் கழிப்பறையை இன்னிலேருந்து யாரும் தொடக்கூடாது. குளிக்கற தண்ணியும் இதுக்குள்ள போகக்கூடாது. லாரி அள்ளிடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு மூடியைப் போட்டுடாதீங்க, நிறைய பேர் அதைத்தான் செய்யறாங்க. ஓட்டைத் தொட்டியை அள்ளினாலும் ஓட்டைத் தொட்டிதான். இதை மூடிட்டுத் தளத்தோட புதுசு கட்டணும். வரைபடம் குடுத்து அனுமதி வாங்கிட்டுக் கட்டுங்க. மேல மண்ணு போடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. அப்புறம், இதைக் கட்டினானே ஒரு புண்ணியவான், அவனை மட்டும் திரும்பக் கூப்பிடாதீங்க.”

புண்ணியவான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எல்லாத்தையும்விட அவசரம் ஒண்ணு இருக்கு” என்று ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். “பக்கத்துல எங்கயாவது கிணறு இருக்கா?”

பின்பக்க மதில் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள், வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “இல்ல சார். எல்லாருக்கும் குழாய்தான்.”

சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. செங்கல் சுமந்தது, மிஷின் வாங்கியது, “வா” என்றது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வளர்த்த கடனை இப்படியா ஒரு மனிதன் கேட்பான்?

“இருக்கு சார்” என்றாள் அக்கா. “மதிலுக்கு அந்தப் பக்கம். நேத்தே பச்சையா வந்துடுச்சு.”

வண்டியை எடுத்துக்கொண்டு போன அண்ணன் அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது அக்கா வீட்டின் முன்பக்கம் பாறையை உடைத்துப் புதுத் தொட்டி கட்டியாகிவிட்டது. கட்டியது வேறொரு மேஸ்திரி. அவர் தளம் போட்ட அன்று அக்கா காலையிலிருந்து குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர், “என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்று வருத்தப்பட்டார். “எனக்கு இப்ப யார் மேலயும் இல்லப்பா, நீ தப்பா எடுத்துக்காத” என்றாள். தையல் வகுப்பும் நடக்கிறது. இதெல்லாம் பிறகு நடந்தவை. நான் சொல்ல வந்தது ஆய்வு தோற்ற அன்றைய மாலை.

காலையிலேயே ஆய்வாளர், கிணற்றில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதற்கு நர்ஸ் வரும் நேரத்தைக் கேட்டார். “நீங்க வரதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன் சார். என் வாயால சொன்ன பொய்” என்றாள் அக்கா. தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டாள். நர்ஸ் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வெளியே இருந்த குளியலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்ற அவள் குழந்தை, அம்மாவிடம் ஓடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. தொட்டிக்குத் தளம் இல்லை, அது இந்தக் கிணற்றில்தான் இறங்குகிறது, பச்சையாக வந்தது ஆய்வாளர் போட்ட பொடி, தண்ணீரைச் சோதிக்கும் வரை ஒரு சொட்டுத் தொடாதே என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

நர்ஸ் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். “அப்ப என்னால இல்லையா?” என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

“ஆஸ்பத்திரியிலேருந்து நான்தான் ஏதோ கிருமியைக் கொண்டுவந்து இவளுக்குக் குடுக்கறேன்னு நினைச்சுட்டு இருந்தேன்க்கா. குளிச்சிட்டுத்தான் இவளைத் தொடுவேன். ஓடி வந்தா அடிச்சிருக்கேன். வேலையை விட்டுடலாம்னுகூட...” அதோடு அழுதுவிட்டாள். அழுக்குச் சீருடையோடு பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “குளிக்கலையே அம்மா” என்று ஞாபகப்படுத்தியது.

அக்காவும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அவள் தோளைத் தொடப் போனாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து நான் வாளியைக் கொண்டுவந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சாயம்னு சொன்னீங்க. சாயம்தானேன்னு நேத்து ராத்திரி அந்தத் தண்ணியிலதான் இவளைக் குளிப்பாட்டினேன். வாய் கொப்பளிச்சா.”

அக்காவின் கை அப்படியே நின்றது.

“உங்க அண்ணன் எனக்கு யாரு? நீங்க சொன்னீங்கன்னுதான் நான் அவரை நம்பினேன்.”

“நானும் அவன் சொன்னதை நம்பித்தாம்மா...” என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். நேற்று மாலை அந்த வாளியைப் பார்க்கும் வரைதான் அது உண்மையாக இருந்தது.