ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்

அந்தத் தெருவில் அவளைக் கேள்வியக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தக்காளி வாங்கப் போனால், இது இன்றைக்கு வந்த தக்காளிதான் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்பாள். மழை வரப்போகிறது என்று யாராவது சொன்னால், உங்களுக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று வானம் வரைக்கும் போய்விட்டு வருவாள். பத்து வருடம் முன்பு அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி ஒருவர் தன் புகைப்படத்தோடு வந்தார். அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நீங்கள்தானா என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். இன்னொரு படம் இருக்கிறதா என்றாள். பாதிக் காப்பியோடு எழுந்து போனவர் திரும்பவே இல்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அப்பா விட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள்தான் கண் பரிசோதிப்பாள். தங்கை முன்னால் உட்கார்ந்து பிரேம் விற்பாள். உள்ளே நீளமான ஓர் அறை. ஒரு கோடியில் ஏறி இறங்கும் நாற்காலி, மறு கோடியில் பெரிதில் தொடங்கிப் பொடிப்பொடியாக முடியும் எழுத்து அட்டை. அட்டைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுச் சட்டத்துக்குள், பத்தொன்பது வயதில் அவள் ஒரு பழைய பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்த படம். தோள்வரை தலைமுடி, அரும்பு மீசை, சோகமான கண்கள். பிரெஞ்சு தேசத்துத் தத்துவஞானி அவர். எதையும் சந்தேகப்படு, சந்தேகப்பட முடியாதது மட்டும் மிஞ்சட்டும், அதன்மேல் ஒவ்வொரு படியாக ஏறு என்பது அவர் வழி. அந்த வயதில் மற்றப் பெண்கள் நடிகர்களின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். இவள் இவரை வைத்திருந்தாள். இருபத்தேழு வருடமாக அவளுடைய மனசில் வேறு ஓர் ஆண்பிள்ளைக்கு இடமே இருந்ததில்லை.

பஸ் ஓட்டுநர் வரும்வரைக்கும்.

தினமும் காலை எட்டுப் பத்துக்கு அவருடைய பஸ் கடை வாசலைத் தாண்டும். வளைவு கிடையாது, நிறுத்தம் கிடையாது, ஆனாலும் அந்த இடத்தில் பஸ் சற்று மெதுவாகும். கதவைத் திறக்கும் சாக்கில் கேள்வியக்கா அப்போது சரியாக வாசலில் நிற்பாள். இதற்கு என்ன நிச்சயம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாத ஒரே விஷயம் இதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் கையில் ஒரு படிவத்தோடு கடைக்குள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மனைவி காலமாகி எட்டு வருடம், சட்டைக் காலர் கச்சிதம். போக்குவரத்து அலுவலகம் எல்லா ஓட்டுநர்களுக்கும் கண் சான்றிதழ் கேட்டிருந்தது. இரண்டு கண்ணும் கண்ணாடியோடு ஆறாவது வரியைப் படிக்க வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தான படிவம் வராவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்கு எண் போடும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அறை ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. அங்கிருந்து எந்தப் பஸ்ஸும் எட்டுப் பத்துக்கு இந்த வாசலைத் தாண்டாது.

உட்காரும் முன் அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து மெல்லத் தலை குனிந்தார். கேள்வியக்காவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் படத்துக்கு மரியாதை கொடுத்த முதல் மனிதர் அவர்.

இடது கண் சொன்னபடி கேட்டது. இரண்டாம் எண் லென்ஸில் ஆறாவது வரியை மடமடவென்று படித்தது. வலது கண்ணுக்கு மாறும்போது, நாற்காலியைச் சரிசெய்ய அவர் கை நீட்ட, அவள் கை நீட்ட, விரல்கள் பட்டுக்கொண்டன. அவள் வைத்திருந்த நான்கு லென்ஸும் மேசைத் துணிமேல் விழுந்தன. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவற்றைப் பொறுக்கி, அப்பாவின் லென்ஸ் பெட்டியில் ஒன்றரைப் பவருக்குரிய பள்ளத்தில் இரண்டும், இரண்டுக்குரிய பள்ளத்தில் இரண்டுமாகச் செருகினாள். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னால் நின்ற லென்ஸை எடுத்து, அவருடைய வலது கண்முன் மாற்றி மாற்றிக் காட்டினாள்.

“இது தெளிவா, அது தெளிவா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம்.”

மறுபடி காட்டினாள். மறுபடி அதே பதில். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மேற்கத்தியச் சிந்தனை எதையும் வெட்டிப் பார்க்கும், இதுவா அதுவா என்று கேட்கும், கீழைத் தேசத்துச் சிந்தனை எதிரும் புதிருமாகத் தெரிவது எல்லாம் அடியில் ஒன்றே என்று சொல்லும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவராக இன்றுதான் பார்க்கிறாள். “நீங்க கீழைத் தத்துவக்காரரா?” என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீடு கிழக்குப் பார்த்த வீடுதான் என்றார்.

அன்று தொடங்கியது அந்த நாற்காலி யுத்தம். வண்டி ஓட்டி முடித்த மாலைகளில் அவர் வருவார், படத்துக்குத் தலை குனிவார், உட்காருவார். இதுவா அதுவா என்று அவள் கேட்பாள். ஒரே மாதிரி என்பார். ஒரு படியைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பது பிரெஞ்சுக்காரர் கட்டளை. ஆகவே ஒன்றரையா இரண்டா என்று முடிவாகும்வரை அவள் வேறு லென்ஸைத் தொடமாட்டாள். வலது கண்ணோ ஐந்தாவது வரியோடு நின்றுகொண்டது. ஆறாவது வரி எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றார்.

லென்ஸை வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். அவள் பேசப் பேச, அவரும் எங்கேயோ ஒரு பழைய புத்தகத்தைப் பிடித்து, பஸ் புறப்படும் முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் படிக்கத் தொடங்கினார். பட்டாம்பூச்சியாகக் கனவு கண்டு விழித்த பிறகு, நான் பூச்சியைக் கனவு கண்ட மனிதனா, மனிதனைக் கனவு காணும் பூச்சியா என்று திகைத்த சீனத்து ஞானி தனக்கு ரொம்பப் பிடித்துவிட்டார் என்றார். ஓட்டுநர் அப்படித் திகைத்தால் பயணிகள் கதி என்ன என்று அவள் கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “போற பஸ்ஸா வர்ற பஸ்ஸான்னு ஜனங்க தினமும் கேக்குறாங்க மேடம். எனக்கு ரெண்டும் ஒரே பஸ்தான்.” அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோமோ என்ற பயமும், தோற்றால்தான் என்ன என்ற அதைவிடப் பெரிய பயமும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டன.

எதிரிலிருக்கும் கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள் என்பதைத் தங்கை கவனித்திருந்தாள். பிரேம்களைத் துடைத்தபடியே சொன்னாள்: “ஒரே கண்ணுக்கு ஏழு தடவை வர்ற மனுஷனுக்குக் கண்ணுல குறை இல்லக்கா.”

அதற்கு என்ன நிச்சயம் என்று கேள்வியக்கா கேட்டாள். கேட்கும்போது குரல் உள்ளே போய்விட்டது.

கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. மாலை நான்கு மணி. அலுவலகம் ஐந்தரைக்கு மூடிவிடும். அவர் படிவத்தை மேசைமேல் வைத்து, படத்துக்குத் தலை குனிந்து உட்கார்ந்தார். அவள் சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, இடது கண்ணை மறைத்து, முதல் லென்ஸைப் போட்டாள். இரண்டாவதை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.

“ரெண்டாவதுதான் தெளிவு மேடம்,” என்றார் அவர்.

அவள் கை அப்படியே நின்றது. பொய். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், அதையும் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தப்பான கண்ணாடியைப் போட்டு உங்களை ரோட்டுக்கு அனுப்ப என்னால் முடியாது என்றாள். குடைகளுக்கு நடுவே உங்களை உட்காரவைக்கவும் முடியாது என்றாள். வெளியே தங்கை ஒரு பிரேமையே பத்து நிமிடமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் பதறிப்போனார். அழுகையை நிறுத்த என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

“எல்லாத்தையும் சந்தேகப்படணும்னு உங்க ஆளு சொன்னாருன்னீங்களே. இந்தப் பெட்டியை அவர் சந்தேகப்படமாட்டாரா மேடம்?”

கேள்வியக்கா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

லென்ஸின் பவரை அளக்கும் கருவி இரண்டடி தள்ளி மேசைமேல்தான் இருந்தது. வாடிக்கையாளர்களின் பழைய கண்ணாடிகளை எல்லாம் அதில் வைத்து அளந்திருக்கிறாள். அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸைக்கூட வைத்ததில்லை. அவற்றின் விளிம்பில் பொறித்த எண்கள், அவள் தினமும் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்தே மறைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒன்றரைப் பள்ளத்தில் முன்னால் நின்ற லென்ஸைக் கருவியில் வைத்தாள். ஒன்றரை. இரண்டுக்குரிய பள்ளத்தில் முன்னால் நின்ற லென்ஸை வைத்தாள். ஒன்றரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். ஒன்றரைதான். விரல்கள் பட்டுக்கொண்ட அந்தச் சாயங்காலம் நான்கையும் பொறுக்கியபோது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றரை ஒன்றும் இரண்டு ஒன்றுமாகக் கலந்து செருகியிருக்கிறாள். மூன்று வாரமாக ஒரே லென்ஸை இரண்டு என்று காட்டி, இதுவா அதுவா என்று ஒரு நல்ல மனிதரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதைவிட ஒரு பெரிய இடி இருந்தது. இந்த மூன்று வாரத்தில் வேறு நான்கு பேருக்கும் இதே இரண்டு லென்ஸைக் காட்டியிருந்தாள். நான்கு பேரும் ரெண்டாவதுதான் தெளிவு என்று சொல்லிக் கண்ணாடியும் வாங்கிப் போயிருந்தார்கள். அவள் கேட்ட தோரணையில், ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

இரண்டுக்குரிய பள்ளத்தில் பின்னால் நின்ற லென்ஸை எடுத்து வைத்தாள். கருவி இரண்டு என்று காட்டியது. அதை அவருடைய வலது கண்முன் பொருத்தினாள். அவர் ஆறாவது வரியைக் கடைசி எழுத்துவரை படித்தார். படித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

“மேடம், அந்தப் படத்துல மீசை இருக்கு.”

“இருக்கு. ஏன்?”

“அது உங்க அம்மா இல்லையா?”

தலைமுடி நீளமாகத் தெரிந்ததால் அப்படி நினைத்துவிட்டாராம். பெண்ணைப் பார்க்க வருகிறவன் அம்மாவுக்கு மரியாதை கொடுக்காமல் உட்காரலாமா என்றுதான் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்தாராம். உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அதற்கு மேல் பார்க்கவும் இல்லையாம். வெளியே தங்கையின் கையிலிருந்து பிரேம் கீழே விழும் சத்தம் கேட்டது.

கேள்வியக்கா அழுதாளா சிரித்தாளா என்று சொல்வது கஷ்டம். பெண்ணைப் பார்க்க என்ற வார்த்தை அவள் காதில் விழுந்து, மெதுவாக இறங்கி, எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு கண்ணுக்கும் இரண்டாம் எண்ணில் புது லென்ஸ் வெட்டி அவருடைய பிரேமில் பொருத்தினாள். இரண்டு கண்ணையும் ஒருமுறை படிக்கவைத்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மணி நாலே முக்கால். அலுவலகத்துக்கு ஓட நேரம் இருந்தது. ஆனால் அவள் படிவத்தை நீட்டவில்லை.

“கடைசியா ஒரு சோதனை இருக்கு டிரைவர் சார்.”

“சொல்லுங்க மேடம்.”

“நீங்க தினமும் காலையில எட்டுப் பத்துக்கு இந்த வாசலைத் தாண்டிப் போறது ஒண்ணு. இந்த வாசல்லேர்ந்தே கிளம்பிப் போறது இன்னொண்ணு.” கனைத்துக்கொண்டாள். “இது தெளிவா, அது தெளிவா?”

அவர் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் தடவையாக அவளை முழுசாகப் பார்த்தார்.

“ரெண்டாவதுதான் தெளிவு,” என்றார். “இந்தத் தடவை பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

அதற்கு என்ன நிச்சயம் என்று கேள்வியக்கா கேட்கவில்லை. படிவத்தை அவர் கையில் கொடுத்து அலுவலகத்துக்கு விரட்டினாள். அந்த நான்கு பேருக்கும் உடனே போன் போட்டுக் கண்ணாடியை மாற்றித் தரும்படி தங்கையிடம் சொன்னாள். மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். நான்காமவர் தையல்கடைக்காரர். தனக்கு ரெண்டாவதுதான் தெளிவாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, யார் சொன்னாலும் மாற்ற முடியாது என்று ஒரே பிடியாக நின்றார்.