ஏழு விரல் வேர்ட்ஸ்டார்

வேல்விழிக்கு வலது கையில் இரண்டு விரல்கள்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும். நடுவில் இருந்த மூன்றையும் பன்னிரண்டு வயதில் அப்பாவின் விசைத்தறிச் சக்கரம் பிடுங்கிக்கொண்டது. சங்கரன்கோவிலில் தறி கடித்த கைக்கா பஞ்சம்? ஊர் பார்த்துப் பழகியதுதான். ஆனால் பழகியவர்கள்தானே வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்! “இவளை எவன் கட்டுவான்” என்று தொடங்கி, “இவ இனி என்னத்தைப் படிச்சு” என்பதுவரை அவள் காதுபடவே பேசினார்கள். பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் படிக்கப் போனாள். மாஸ்டர் மூக்காண்டி அவள் கையைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏட்டி, இங்கன பத்து வெரலுக்குத்தான் பாடம். ஏழு வெரலுக்கு நான் எங்கன போவேன்?”

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். “நீரு எங்கயும் போவ வேண்டாம் வே, நானே போறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். வாயாடி என்று பெயர் வாங்கியது அன்றைக்குத்தான். ஐம்பது வயதாகியும் அந்தப் பெயரை அவள் கெடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷமே ரதவீதியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். ஏசி அறை. செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். தெருத் தூசியோடு வைரஸும் வந்து மெஷினில் ஏறிவிடும் என்று டீச்சர் ஜெஸ்லின் உட்பட எல்லாரும் சத்தியமாக நம்பிய காலம் அது. பயபக்தியோடு காலைக் கழுவிவிட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. கோமதியம்மன் சந்நிதியில்கூட அவ்வளவு பவ்யம் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஜெஸ்லின் கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. கறுப்புத் திரையைக் காட்டி, “இது பேரு வேர்ட்ஸ்டார். அடி பாப்போம்” என்றாள், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்த புரோகிராம். மவுஸ் என்ற ஒன்று மேஜைகளுக்கு வந்து சேருமுன்னே எழுதப்பட்டது. அதனால் எல்லாமே விசைப்பலகையில்தான். இடது சுண்டுவிரலால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஸ் தட்டினால் இடப்பக்கம், டி தட்டினால் வலப்பக்கம், ஈ மேலே, எக்ஸ் கீழே. நாலு திசையும் இடது கைக்குள்ளேயே அடக்கம்! கே, பி தட்டிப் பத்தியின் தலையில் ஒரு குறி, கே, கே தட்டி வாலில் ஒரு குறி. பிறகு பத்தியை அலாக்காகத் தூக்கி வேண்டிய இடத்தில் வைக்கலாம். அந்தக் கே எழுத்தைத் தட்ட அவளுடைய வலது சுண்டுவிரல் ஒன்று போதும். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்து எழுதினால் அது அச்சில் வராது. அது மெஷினுக்குப் போடும் உத்தரவு. புள்ளி, பி, ஏ என்றால் அடுத்த பக்கம். மறந்து போனால் திரையின் மேல்பாதியிலேயே எல்லாக் கட்டளையும் எழுதியிருக்கும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தனக்கென்றே எவனோ கடல் தாண்டி உட்கார்ந்து செய்தது போல இருந்தது வேல்விழிக்கு. அன்று வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். சந்தோஷத்தில்தான்.

கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் தங்கப்பழத்திடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஆங்கில மனு என்றால் வேல்விழி என்று ஆயிற்று. ஊரெல்லாம் விண்டோஸுக்கு மாறியது. அவள் மாறவில்லை. மவுஸைப் பிடிக்க வலது கையால் ஆகாது. இடது கையில் பிடித்தால் அடிக்கிற கை சும்மா நிற்கும். “நடக்குத கால எதுக்கு வெட்டிட்டு கட்டைக் கால் வைக்கணும்?” என்பாள். பெரியவர் தங்கப்பழம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

போன வருஷம் பெரியவர் காலமானார். மகன் விஜயராஜ் பொறுப்புக்கு வந்தான். முப்பது வயது, கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. ஆபீசுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டான். ஒரு திங்கட்கிழமை காலையில் வேல்விழி வந்து பார்த்தால், முன்னால் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். அவளுடைய தேக்கு மேஜை உள்ளறையில், கேஸ் கட்டுகளுக்கு நடுவில். அதன்மேல் ஒரு போன்.

“அக்கா, இனி எல்லாம் ஈ-ஃபைலிங். ஒங்க கறுப்புத் திரையில பிடிஎஃப் வராது. நீங்க உள்ள இருந்து போன் எடுங்க, போதும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்.”

“வேலையில கை வச்சாச்சு, சம்பளத்துல வைக்க மாட்டியளோ?”

உட்கார்த்தி வைத்துச் சோறு போடுகிறேன் என்கிறானே! அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். ஈ-ஃபைலிங் பேச்சு அடிபட்டபோதே கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் சாம்சனைப் பிடித்து, பழைய மெஷின் போல நடிக்கிற ஒரு சின்னப் புரோகிராமை வாங்கி வைத்திருந்தாள். புதுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டதும் கறுப்புத் திரை வந்து நின்றது. மவுஸைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு வாய்தா மனுவை மளமளவென்று அடித்து, பிடிஎஃப் ஆக்கித் திறந்து காட்டினாள்.

“இதுல என்ன கொறைன்னு சொல்லுங்க.”

விஜயராஜ் வரிவரியாகப் பார்த்தான். குறை இல்லை. தலையைச் சொறிந்தான்.

“அதில்லக்கா... இப்பம் வாரவன் எல்லாம் கம்பெனி பார்ட்டி. கண்ணாடி வழியா மொதல்ல கண்ணுல படுதது...”

அவன் பார்வை அவள் வலது கைக்குப் போய், சட்டென்று சுவருக்குத் திரும்பியது.

ஓகோ, இதுதானா சங்கதி! இந்த நாற்காலி போனால் ஐம்பது வயதில் எவன் கூப்பிட்டு வேலை தருவான்? அது தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று, வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“வக்கீலுக்குப் படிச்சிருக்கிய தம்பி. வாயத் தெறந்து சொல்லுங்க. ‘ஒன் கை அசிங்கமா இருக்கு, போ’ன்னு சொல்லுங்க. சொல்லிட்டியன்னா இந்த நிமிஷமே எறங்கிப் போயிருதேன், பிராதும் கொடுக்க மாட்டேன். சொல்லாம கொள்ளாம மூலையில தள்ளுத ஜோலி மட்டும் எங்கிட்ட ஆவாது.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். முகம் சிவந்து போயிற்று. சின்ன வயதில் அவள் மடியில் உட்கார்ந்து இதே கையைப் பிடித்து விளையாடிய பயல்தானே.

“சொல்ல வரலைல்லா? அப்பம் அந்தப் பக்கம் பிடிங்க. எம் மேஜை முன்னால வரணும்.”

தேக்கு மேஜை, லேசில் அசையாது. அவள் இடது கையாலும் வலது கையின் இரண்டு விரல்களாலும் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வக்கீல் விஜயராஜ் பின்னால் பின்னால் நடந்து வந்தான். கண்ணாடியை ஒட்டிப் போட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரை அவனே தூக்கி அதன்மேல் வைத்தான்.

வெளியே பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கண் வேல்விழியின் வலது கையிலேயே நின்றது. விஜயராஜ் மெதுவாகக் கேட்டான்:

“திரை போட்டுறட்டாக்கா? வெயில் அடிக்கும்.”

“வெயிலுதானே தம்பி, அடிக்கட்டும்,” என்றாள் வேல்விழி. “திரை வேண்டாம்.”