சிவப்பு நூல் கட்டிய கோழி

கல்யாணமாகி ஏர்வாடியில் குடியேறிய மறுவருஷம், என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் ஒரு வெள்ளைச் சேவலைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவருக்குக் கடலாடி யூனியன் ஆபீசில் கிராம சேவக் வேலை. சீமைச் சேவலை நாட்டுக்கோழிகளோடு விட்டால், பிறக்கிற கலப்புக் கோழிகள் நிறைய முட்டையிடும் என்பது அப்போதைய சர்க்கார் திட்டம். தெருவில் ஒருவரும் அந்தச் சேவலை ஏற்கவில்லை. வெள்ளைக் குஞ்சு பிறந்தால் பருந்துக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கருவாடு காயும் கரை என்பதால் எங்கள் தலைக்கு மேல் எந்நேரமும் பருந்து வட்டமிடும். கடைசியில் சேவல் எங்கள் கொல்லையிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வீட்டு அக்காவைத் தெருவே லாத்தா என்று கூப்பிடும்; நானும் அப்படித்தான். அவர் கணவருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். லாத்தாவின் சேவலைக் கீரி கொண்டுபோயிருந்த சமயம் அது. அவரிடம் கோழிகள் இருந்தன, எங்களிடம் சேவல் இருந்தது.

“ஒஞ் சேவல இங்கன விடு தங்கச்சி. பொரிக்கிற குஞ்சுல ஆளுக்குப் பாதி” என்றார் லாத்தா.

குஞ்சுகள் பொரிந்தன. எல்லாம் வெளிர் மஞ்சள், ஒன்றிரண்டின் முதுகில் மட்டும் மை தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். பாதிப் பாதி என்று சொல்வது சுலபம். பெட்டை எது, சேவல் எது என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது? ஒருத்தி பங்கில் எல்லாமே சேவலாகப் போய்விட்டால் முட்டைக்கு எங்கே போவாள்?

லாத்தா ஒரு குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டார். தலையைத் தூக்கிப் பார்த்தால் சேவல், தொங்கப்போட்டால் பெட்டை என்பது அவர் கணக்கு. குஞ்சு தூக்கியது, பிறகு தொங்கப்போட்டது. என் வீட்டுக்காரர், வெளிநாட்டில் வாலுக்கடியில் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களாம் என்று தாமும் ஒன்றை எடுத்து அமுக்கினார். ஆபீசுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் அது எச்சமிட்டது. அவர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

சில நாட்கள் போகட்டும் என்று ஒரே பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வளர்த்தோம். சில குஞ்சுகளுக்குச் சிறகு முந்தி முளைத்தது; சிலது மொட்டையாகவே திரிந்தது. முந்தி முளைத்தவை பெட்டை என்று எனக்குத் தோன்றியது. லாத்தா கொண்டையைத்தான் நம்பினார். நாட்டுக்கோழியில் பெட்டைக்குக் கொண்டை இருப்பதே தெரியாதே. இருவரும் பேசிப் பேசி, அவர் தையல்பெட்டியிலிருந்து நூலெடுத்து, பெட்டைக்குப் பச்சை, சேவலுக்குச் சிவப்பு என்று காலில் கட்டினோம்.

ஒன்றில் மட்டும் பேச்சு முடியவில்லை. சிறகும் முந்தி முளைத்திருந்தது, கொண்டையும் பெரிதாகச் சிவந்திருந்தது.

“இது பொட்டைதான் லாத்தா.”

“இம்புட்டுக் கொண்ட பொட்டைக்கு ஏது? இது சேவலுதான். எம் பங்குல போடு. மச்சான் வர்ற அன்னைக்கு ஆக்கலாம்.”

அவர் கோழி பொரித்தது என்பதால் நான் விட்டுக்கொடுத்தேன். சிவப்பு நூல் கட்டி, தவிடும் மீன் செதிலும் வைத்து லாத்தா அதைக் கொழுக்க வளர்த்தார். இரண்டைப் பருந்து தூக்கியது. மற்ற சேவல்களைத் தர்காவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சமைக்க வாங்கிக்கொண்டு போனார்கள். சிவப்பு நூல்காரி மட்டும் கொண்டையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கொல்லையில் உலாவினாள். ஏன் இன்னும் கூவவில்லை என்று நான் கேட்டால், “வெள்ளக்காரச் சேவலு, மெதுவாத்தான் கூவும்” என்பார் லாத்தா.

அவர் கணவர் கப்பலில் தனுஷ்கோடி வந்து ரயில் மாறி ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில், விருந்துக்கு அந்தக் கோழியைப் பிடிக்கப் போனால் காணோம். கிணற்றடி, வேலி எல்லாம் தேடினோம். அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பனையோலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கோழி உட்கார்ந்திருந்தது. லாத்தா கையை விட்டுத் தூக்கினார். அடியில் முட்டைகள், ஒன்று இன்னும் சூடாக இருந்தது.

லாத்தா முட்டையையும் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கணவர் பின்னால் நின்று சிரித்தார்.

“வந்த விருந்தாளிக்கு அது முட்ட வச்சிருக்கு. அதப் போயி அறுக்கச் சொல்றியே.”

என் பங்கில் பச்சை நூல் கட்டிய ஒன்று அதற்கு முந்தின வாரம்தான் வேலிமேல் ஏறிக் கூவியிருந்தது. வெட்கமாக இருந்ததால் லாத்தாவிடம் சொல்லவில்லை. இப்போது அதைப் பிடித்துவந்து நீட்டினேன்.

“இத அறுங்க லாத்தா. நானும் ஏமாந்துதான் போனேன்.”

அன்று மதியம் எங்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. லாத்தாவின் கணவர் இரண்டு நூலையும் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தம் திட்டம் பலித்துவிட்டது என்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சிவப்பு நூல் கோழி நாள் தவறாமல் என்று சொல்லும்படி முட்டையிட்டது. ஆனால் அடைகாக்க உட்காரவே இல்லை. அதன் முட்டைகளை நாட்டுக்கோழிக்குத்தான் வைத்தோம். அதன்பிறகு பங்கும் பிரிக்கவில்லை. முட்டையை யார் முதலில் பார்த்தாலும் இரு வீட்டுக்கும் எடுத்து வைத்தோம்.

தெருப் பெண்கள் அடைக்கு முட்டை கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒருத்தி குஞ்சுகளை ஓலைக் கொட்டானில் வைத்துத் தூக்கிவந்து, இதில் பெட்டை எதுவென்று கேட்டாள்.

“முட்ட போட்டா பொட்ட, கூவுனாச் சேவலு. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத் தீனி போடு” என்று சொல்லிவிட்டு, லாத்தா உள்ளே போய் அவளுக்கு ஒரு கை தவிடு அள்ளி வந்தார்.