எண் மட்டும் எழுதிய குழாய்

ஊருக்கெல்லாம் கிருமியின் பேர் கண்டுபிடித்துச் சொல்கிற நான், என் அம்மாவுக்குப் போனில் சொன்ன வைத்தியம் மஞ்சள். "கால்ல முள்ளு கிழிச்சிச்சிம்மா, ஒண்ணுமில்ல. மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கோம்" என்றாள். வேர்க்கடலை அறுவடை நேரம். சர்க்கரை வியாதிக்காரி வேறு. "மஞ்சள அரைச்சிப் போடு, ஞாயித்துக்கெழம வர்றேன்" என்று வைத்துவிட்டேன். எனக்கு விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை; அம்மா திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் பக்கம். அந்த வாரம் அப்படி என்ன தலைபோகிற வேலை இருந்தது என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறன்று கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. அன்றே கூட்டிவந்து வார்டில் சேர்த்தேன். புண்ணின் சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, நானே கிருமி வளர்க்கிற தட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைத்தேன். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புக் குச்சிகள். அந்த வடிவத்தில் எத்தனையோ கிருமிகள் உண்டு. வளர்ந்தால்தான் எது என்று சொல்ல முடியும். திங்கள் காலை தட்டு முழுக்கப் பச்சை. திராட்சை வாசனை. ஆக்சிடேஸ் சோதனைத் தாளில் தேய்த்ததும் ஊதா. சூடோமோனாஸ். பேர் கிடைத்துவிட்டது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள் வேண்டும். செவ்வாய் காலை, இரண்டு மருந்து வில்லைகளைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருந்தது. இரண்டும் அதுவரை அம்மாவுக்குக் கொடுக்காதவை. ரிப்போர்ட்டோடு வார்டுக்கு ஓடினேன். அம்மாவின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், அந்தக் கிருமி லேப் ஃபிரிட்ஜில் ஒரு குழாயில் இருந்தது. எங்கள் சோதனைகள் சரியாக வருகின்றனவா என்று ஒப்பிட, பேர் தெரிந்த கிருமிகளை உயிரோடு வைத்திருப்போம். அப்போதுதான் எங்கள் லேபுக்குத் தலைமையாக மாற்றலாகி வந்த மேடம் எடுத்து வைத்திருக்கிறார். "இவ்ளோ தெளிவா ஒண்ணு கெடைக்கிறது கஷ்டம்" என்றார். குழாயில் பேர் கிடையாது, எண் மட்டும். யாருடையது என்று நான் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை அதைப் புதுக் குழாய்க்கு மாற்றுவது என் பொறுப்பு. அம்மாவைக் கொன்ற கிருமிக்கு நான் சோறு போட்டேன். முதலில் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே மறந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை. அம்மா உடம்பிலிருந்து வந்ததில் மிச்சம் நானும் அதுவும்தான். பயிற்சிக்கு வரும் மாணவிகள் அந்தப் பச்சையைப் பார்த்து என்னிடம் "செம கலர் மேடம்" என்பார்கள். எனக்கு வெட்கமில்லாமல் பெருமையாக இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, போன மாதம் புதுக் குழாயில் அது வளரவில்லை. "பழசுதான, தூக்கிப் போடும்மா. வேற வரும்" என்றார் மேடம்.

"எங்க அம்மாவோடது மேடம்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு பழைய குழாயை அவரே எடுத்து, அடியில் இருந்ததைச் சுரண்டிப் புதுத் தட்டில் இழுத்தார்.

மறுநாள் தட்டில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் இல்லை. சாவு வீட்டில் வராத அழுகை, இன்குபேட்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது.